கால்வாய் கரையில பெஞ்ச் போடறதுக்கு முன்னாடி...

"எங்க ஏரியா வழியா ஓடற கால்வாய் கரையில பசங்களுக்கு திறந்தவெளி வகுப்பு, பெரியவங்களுக்கு நடைபாதை, பெஞ்ச் எல்லாம் அமைக்கலாம்னு குடியிருப்போர் சங்கத்துல பேசிட்டிருக்கோம், எதுல இருந்து ஆரம்பிக்கறது?"ன்னு கேட்டிருக்கீங்க.

பெஞ்ச்ல இருந்து மட்டும் ஆரம்பிக்காதீங்க. முதல்ல ஒரு வருஷம் தண்ணிய கவனிங்க, பசங்களையே கவனிக்க விடுங்க, அதுக்கு கட்டடமே வேண்டாம்.

வெப்பநிலை, கலங்கல், கரைஞ்சிருக்கற ஆக்ஸிஜன், இந்த மூணையும் சின்ன டெஸ்ட் கிட் வெச்சே அளந்துடலாம். ஆனா எப்பவும் விடிகாலைல, அதே மணிக்கு அளக்கணும், நிறைய பேர் கோட்டை விடறது இங்கதான். ராத்திரி பூரா பாசி ஆக்ஸிஜன உறிஞ்சிட்டே இருக்கும், வெயில் வந்தப்புறம்தான் திரும்ப விடும், அதனால சாயங்காலம் மட்டும் அளந்துட்டு நம்ம தண்ணி சூப்பர்னு போர்டு வெச்சீங்கன்னா ஒருநாள் காலைல மீன் செத்து மிதக்கறப்ப முழிக்க வேண்டியதுதான். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு கீழ இறங்கினா பல மீன்களுக்கு திணறல், 2-க்கும் கீழன்னா பெரும்பாலானது தப்பிக்காது. அடிச்சேத்த கொஞ்சம் அள்ளிப் பாத்தா ரத்தச்சிவப்பா புழு மட்டும் நெளியுதா, அங்க ஆக்ஸிஜன் கம்மின்னு அர்த்தம், அந்தச் சிவப்பு நம்ம ரத்தத்துல இருக்கற மாதிரி ஹீமோகுளோபின்தான், ஆக்ஸிஜன் கம்மியான சேத்துலயும் தாக்குப்பிடிக்க. மீட்டர் காட்டற நம்பரை விட இததான் பசங்க வீட்ல போய் சொல்லுவாங்க!

இன்னொண்ணு, மூணு நாளா மழையே இல்ல ஆனா மழைநீர் குழாய்ல தண்ணி வந்துட்டே இருக்குன்னா பெரும்பாலும் எங்கயோ கழிவுநீர் கலக்குது, போட்டோ எடுத்து தேதியோட நகராட்சிக்கு குடுங்க. மழை பெஞ்ச ரெண்டு மூணு நாள் யாரும் தண்ணில கை கால் வைக்கக்கூடாது, எலிக்காய்ச்சல் சின்ன காயம் வழியாவே வரும். எப்பவுமே கயிறு கட்டின வாளிலயே மொண்டுக்கறது நல்லது.

கட்டறது அப்புறம். அந்த ஒரு வருஷத்துல வெள்ளம் எதுவரை ஏறுதுன்னு கரையில பெயின்ட்ல கோடு போட்டு வெச்சுக்கங்க, வகுப்பு மேடை, கழிப்பறை, மின்சாரம் எல்லாம் அதுக்கு மேல, நடைபாதை மட்டும் கீழ இருந்தா பரவால்ல. சிங்கப்பூர் பிஷான் பூங்கால 2012-ல கான்கிரீட் கால்வாய பிச்சு எடுத்துட்டு வளைஞ்சு ஓடற ஆறா மாத்தினாங்க, மழை வந்தா பூங்காவோட ஒரு பகுதிலயே தண்ணி ஏறும், அதுக்குன்னு எச்சரிக்கை விளக்கு, சைரன் உண்டு. (பிச்ச கான்கிரீட்ட வெச்சு ஒரு சின்னக் குன்றும் கட்டிட்டாங்க.) சியோல்ல 2005-ல மீட்ட சோங்கேசோன் ஓடை பாக்க அழகுதான், ஆனா தண்ணிய பெரும்பாலும் மோட்டார் போட்டு ஏத்தித்தான் ஓட விடறாங்க, அந்தச் செலவு சங்கத்துக்கு கட்டுப்படியாகாது, அத காப்பியடிக்க வேண்டாம்.

அடுத்த மீட்டிங்ல ஒரே ஒரு கேள்வி கேளுங்க, வெள்ளம் வடிஞ்ச மறுநாள் நடைபாதைல கிடக்கற சேத்த யாரு வழிக்கறதுன்னு. ரெண்டு பேராவது பேர் குடுத்தா அப்புறம் பிளான் வரையலாம்.