கப்பல் நேரமா, கரை நேரமா?

கேள்வி: அறுபதைத் தாண்டிய நானும் என் கணவரும் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் கப்பலில் போகிறோம். ஊர் சுற்றப் போய் நேரத்தைக் கோட்டைவிட்டால் கப்பல் கிளம்பிவிடும் என்கிறார்கள். “போன்தான் தானாகவே நேரத்தை மாற்றிக்கொள்ளுமே” என்கிறார் இவர். எனக்குப் பயம் போகவில்லை. இவர் இன்சுலின் வேறு போட்டுக்கொள்கிறார்.
– ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: உங்கள் பயம் நியாயமானதுதான், அம்மா. உங்கள் கணவர் நம்பியிருக்கும் அந்த வசதிதான் இங்கே காலை வாரும்.

கப்பலுக்கென்று தனி நேரம் உண்டு. அதை முடிவு செய்வது கேப்டன். சாப்பாடு, ஊழியர்களின் ஷிஃப்ட், புறப்பாடு எல்லாம் அதன்படிதான் நடக்கும். குறுகிய பயணங்களில் கிளம்பிய ஊரின் நேரத்தையே கடைசிவரை வைத்துக்கொள்வதும் உண்டு. மாற்றுவதாக இருந்தால், கேபினுக்கு வரும் தினசரி நிகழ்ச்சித் தாளில் முன்கூட்டியே போட்டுவிடுவார்கள். அதைப் படிக்காமல் படுக்காதீர்கள்.

பினாங்கில் தொல்லை இல்லை. மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே நேரம். புக்கெட் ஒரு மணி நேரம் பின்னால் இருக்கிறது. கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்து, ஐந்து மணிக்குள் ஏறிவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரையில் கால் வைத்ததும் போன் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கப்பலில் ஐந்து அடிக்கும்போது போன் நாலு என்று காட்டும். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று நீங்கள் கடையில் நிற்பீர்கள்!

அதனால் பழைய கைக்கடிகாரம் ஒன்றை எடுத்துப் போங்கள். போனோடு இணைந்த ஸ்மார்ட் வாட்ச் வேண்டாம், அதுவும் கூடவே மாறும். கப்பலை விட்டு இறங்கும் வாசலிலேயே ஊழியரிடம் மணி கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி ஏறும் வரை அதைத் தொடக் கூடாது. இன்னொன்று: புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பல நேரம் கடலிலேயே நங்கூரமிட்டு, சிறு படகில்தான் ஆட்களைக் கரைக்கு அனுப்பும். அப்படியானால் கடைசிப் படகின் நேரம்தான் உங்கள் கெடு.

உங்கள் ஊருக்கு இந்தக் குழப்பம் பழையதுதான். 1906-ல் இந்திய நேரம் வந்த பிறகும் பம்பாய் தன் சொந்த நேரத்தை 1955 வரை விடவில்லை. இரண்டுக்கும் 39 நிமிட வித்தியாசம். ஒருவர் மணி சொன்னால் அது எந்த நேரம் என்றும் தெரிந்தாக வேண்டும். புக்கெட்டிலும் அப்படியே கேளுங்கள். டாக்ஸிக்காரர் “நாலு மணிக்கு வருகிறேன்” என்றால் அது அவர் ஊர் நாலு. கப்பலில் அப்போது ஐந்து.

நீங்களாகவே சுற்றப் போனால் கப்பல் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில்தான் போய்ச் சேர வேண்டும். வயதையும் உடம்பையும் பார்த்தால், புக்கெட்டில் மட்டுமாவது கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போவது நல்லது. அந்த வண்டி தாமதமானால் பொறுப்பு அவர்களுடையது. தினசரித் தாளில் துறைமுக ஏஜென்ட் (அந்த ஊரில் கப்பல் நிறுவனத்தின் பிரதிநிதி) எண் இருந்தால் கையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்சுலின் நேரத்தைக் கிளம்புமுன் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே, புக்கெட் ஒன்றரை மணி நேரம் முன்னே என்று அவரிடம் சொல்லுங்கள். மருந்தைக் கைப்பையிலேயே வையுங்கள், பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டாம்.