பியானோ தேர்வில் பாட்டு நடுவில் நின்றுபோனால்

நின்றுபோனால் முதல் வரிக்குத் திரும்பாதீர்கள், அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் தாவிவிடுங்கள். வீட்டில் சுத்தமாக வரும் பாட்டு, தேர்வாளர் முன் உட்கார்ந்ததும் கை நடுங்கி எட்டாவது பார் (இசைக்குறிப்பில் கோடு போட்டுப் பிரித்த ஒரு தாளக் கட்டம்) பக்கம் நின்றுவிடுகிறது என்கிறீர்கள்; தொடக்க நிலைத் தேர்வான பியானோ முதல் கிரேடில் இது ரொம்பச் சாதாரணம். பதற்றத்தை ஒழிக்கப் பார்ப்பதைவிட, அது வந்தாலும் வாசிக்கப் பழகுவதுதான் நடக்கிற காரியம்.

காரணம் அநேகமாக இதுதான்: எப்போதும் முதலிலிருந்தே வாசித்துப் பழகியதால் பாட்டு விரல்களில் ஒரே சங்கிலியாகப் பதிந்திருக்கும், பதற்றத்தில் ஒரு கண்ணி அறுந்தால் மீதியும் போச்சு.

சோதித்துப் பாருங்கள். 5-வது பாரிலிருந்து, அப்புறம் 9-லிருந்து, கடைசி வரியிலிருந்து என்று திடீரெனத் தொடங்குங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ அங்கேதான் வேலை. அது சரியானதும் மாடிப்படி நாலு முறை ஏறி இறங்கி, மூச்சு வாங்க உட்கார்ந்து, போனில் பதிவு போட்டு ஒரே ஒரு தடவை வாசியுங்கள். நெஞ்சு படபடக்கும்போது எப்படி வாசிப்பது என்று விரல்களுக்கு அப்போதுதான் பிடிபடும். (என் முதல் பதிவை என்னாலேயே கேட்க முடியவில்லை.)

தேர்வன்று உட்கார்ந்த வேகத்தில் ஆரம்பிக்காதீர்கள். கை தானாகவே வேகத்தைக் கூட்டும். பாட்டின் கஷ்டமான இடத்தை எந்த வேகத்தில் வாசிக்க முடியுமோ, அந்த வேகத்தில் மனதுக்குள் ஒரு பார் எண்ணிவிட்டுத் தொடங்குங்கள்.

இதையெல்லாம் முந்தின நாள் முயன்றால் குழப்பம்தான், இரண்டு வாரமாவது வேண்டும். நடுக்கத்துக்கு யாராவது மாத்திரை சொன்னால், மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.