மதிப்புரையாளருக்கு என்ன அனுப்பினீர்கள்?

அன்புள்ள ஐயா,

சென்னிமலைத் தறிக்காரர்களைப் பற்றிய என் முதல் நாவலை நானே அமேசானின் கிண்டிலில் மின்னூலாக ஏற்றியிருக்கிறேன். கொஞ்சம் பிரதிகள் அச்சிட்டும் வைத்திருக்கிறேன். 212 பக்கம். புத்தக வீடியோ போடுகிறவர்கள், முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் நூல் அறிமுகம் எழுதுகிறவர்கள் என்று நாற்பது பேருக்கு டிசம்பர் கடைசியில் பிடிஎஃப் அனுப்பினேன். இரண்டு டெலிகிராம் குழுக்களிலும் போட்டேன். ஒருவர் ‘நன்றி’ என்றார். இன்னொருவர் மூவாயிரம் ரூபாய் கொடுத்தால் வீடியோ போடுவதாகச் சொன்னார். கொடுக்கலாமா? வாசகர்கள் நூல்களுக்கு நட்சத்திரம் போடும் குட்ரீட்ஸ் தளத்தில் ஒரு வாசகர் இரண்டு நட்சத்திரம் போட்டு, ‘பிழைகள் அதிகம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அவருக்கு விளக்கம் எழுதலாமா? பெரிய பதிப்பகத்தின் பெயர் இல்லையென்றால் இங்கே யாருமே திரும்பிப் பார்க்கமாட்டார்களா? நான் அனுப்பிய செய்தியையும் நாவலையும் இணைத்திருக்கிறேன்.

எம்.

அன்புள்ள எம்,

மூவாயிரத்தைக் கொடுக்காதீர்கள். காசு வாங்கிக்கொண்டு எழுதும் மதிப்புரையை அமேசான் அனுமதிப்பதில்லை. வீடியோ என்றால் அது விளம்பரம். விளம்பரம் என்பதை அந்த வீடியோவிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று விளம்பரத் துறையின் தர அமைப்பான ஆஸ்கி 2021இலும், ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023இலும் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கின்றன. அப்படிச் சொல்லிவிட்டுப் போடுவதாக இருந்தால் அது நேர்மையான வியாபாரம்தான், ஆனால் உங்களுக்குத் தேவைப்படுவது அதுவல்ல. அந்தப் பணத்தை மெய்ப்புத் திருத்துகிறவருக்குக் கொடுங்கள்.

குட்ரீட்ஸ் வாசகருக்கு ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம். பதிப்பகத்தின் பெயர் பற்றிய புலம்பலையும் விட்டுவிடுங்கள், உங்கள் சிக்கல் அதற்கு வெகு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது.

நீங்கள் இணைத்திருந்த செய்தி இது: ‘வணக்கம். எனது முதல் நாவல் வெளியாகியுள்ளது. படித்துவிட்டு மதிப்புரை எழுதித் தருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.’ நாற்பது பேருக்கும் இதே மூன்று வரிகள். யாருக்கு எழுதுகிறீர்கள் என்று இதில் இல்லை. நாவல் எதைப் பற்றியது என்றும் இல்லை. கூலிக்குப் போர்வை நெய்கிற குடும்பங்களைப் பற்றி, அந்த வேலையை உள்ளிருந்து அறிந்த ஒருவர் எழுதியிருக்கிறார் என்ற ஒரு செய்தி போதும், நல்ல வாசகர் நிமிர்ந்து உட்காருவார். அதையே மறைத்து வைத்துவிட்டு யாரும் பார்க்கவில்லை என்கிறீர்களே!

அந்தப் பக்கம் இருப்பவரின் கணக்கையும் பாருங்கள். 212 பக்கத் தமிழ் நாவலை நிதானமாக வாசிக்க ஆறேழு மணி நேரம் ஆகும். குறிப்பெடுத்து எழுத இன்னும் இரண்டு மூன்று மணி நேரம். வேலைக்குப் போய்க்கொண்டே இதைச் செய்கிறவர் வாரத்துக்கு ஒரு புத்தகம் முடித்தாலே பெரிது. ஆண்டுக்கு ஐம்பது. நீங்கள் அனுப்பியதோ டிசம்பர் கடைசியில், சென்னைப் புத்தகக் காட்சிக்காகப் புதுப் புத்தகங்கள் வந்து குவிகிற நேரத்தில். மார்ச்சுக்குப் பிறகு அனுப்பியிருந்தால் வாசிக்க அவருக்கு இடம் இருந்திருக்கும்.

இனி நான் சொல்லியே ஆக வேண்டியது, அந்த பிடிஎஃப் கோப்பு பற்றி. எழுதுகிறவர்களிடம் நான் ஓயாமல் சண்டை போடும் விஷயம் இது.

உங்கள் பிடிஎஃப் அச்சகத்துக்குப் போன அதே கோப்பு. புத்தகப் பக்க அளவில் நிலைத்து நிற்கிறது. மதிப்புரையாளர்களில் பெரும்பாலோர் வாசிப்பது கைபேசியில். ஒவ்வொரு பக்கத்தையும் விரலால் விரித்து, இடம் வலமாக நகர்த்தி, வரி முடிந்ததும் மறுபடி இழுத்து வர வேண்டும். பத்துப் பக்கம் கூட யாராலும் தாங்க முடியாது. அடுத்த கொடுமை எழுத்துரு. பக்க வடிவமைப்பைப் பழைய எழுத்துரு ஒன்றில் செய்திருக்கிறார்கள். அந்த வகை எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில்தான் தமிழ் வடிவம் உட்கார்ந்திருக்கும். திரையில் ‘தறி’ என்று தெரியும், நகலெடுத்து ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துகள் விழும். உங்கள் நாவலில் பாவு ஓட்டும் காட்சி, அதாவது தறிக்கான நீள இழைகளை ஆயத்தம் செய்யும் காட்சி அருமையானது. அதிலிருந்து நாலு வரி மேற்கோள் காட்ட ஒருவர் விரும்பினால் நாலு வரியையும் அவரே தட்டச்சு செய்ய வேண்டும். ஒரு பெயர் எந்தப் பக்கத்தில் வந்தது என்று தேடவும் முடியாது.

கிண்டில் பதிப்பை எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி, அதாவது எல்லாக் கருவிகளும் தமிழாகவே புரிந்துகொள்ளும் பொதுக் குறியீட்டுக்கு மாற்றி, அப்படியே ஏற்றியிருக்கிறீர்கள். துணைக்கால் வர வேண்டிய இடங்களில் ‘ர’ நிற்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் உங்கள் கண் தாண்டிப் போயிருக்கிறது. ‘ஔ’ வர வேண்டிய இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் தனித்தனியாக இருக்கின்றன. சில கொம்புகள் எழுத்தைவிட்டுப் பிரிந்து, பக்கத்தில் புள்ளி வட்டத்தோடு தொங்குகின்றன. அந்த இரண்டு நட்சத்திரக்காரர் பார்த்தது இதைத்தான். தறியில் ஒரு இழை அறுந்தால் ஓட்டத்தை நிறுத்தி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் மேலே நெய்ய வேண்டும் என்று மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு கிழவர் சொல்கிறாரே, அதை எழுதிய கை இதை எப்படி விட்டது?

திருத்துவது கடினமல்ல, பொறுமைதான் வேண்டும். யூனிகோடாக்கிய பிரதியை வேர்டில் திறந்து ‘ஒள’ என்று தேடுங்கள். ஒளி, ஒளிந்து போன்ற சரியான சொற்களும் அகப்படும் என்பதால் மொத்தமாக மாற்றிவிடாமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ‘ர’ சிக்கலுக்குத் தேடல் உதவாது. எழுத்தை நன்றாகப் பெரிதாக்கி, இன்னொருவரை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள், அவர் தடுக்குகிற இடத்திலெல்லாம் நிறுத்துங்கள். ஒற்றுப்பிழையை மெய்ப்புத் திருத்துகிறவர் பார்த்துக்கொள்வார். பிறகு அத்தியாயத் தலைப்புகளுக்கு வேர்டின் தலைப்புப் பாணி (Heading) கொடுத்து, காலிபர் என்ற மென்பொருளில் ஈபப் ஆக, அதாவது திரையின் அளவுக்கு ஏற்ப வரிகள் மடங்கும் மின்னூல் கோப்பாக மாற்றுங்கள். கூகுள் டாக்ஸிலிருந்தும் ஈபப் இறக்கலாம். ஒரு ஆண்ட்ராய்டு போனிலும் ஒரு ஐபோனிலும் திறந்து, எழுத்தைக் கூட்டிக் குறைத்து, முதல் மூன்று அத்தியாயங்களையாவது அதிலேயே வாசித்துவிட்டு அப்புறம் அனுப்புங்கள்.

டெலிகிராமில் போட்டதை இன்றே நீக்குங்கள். உங்கள் நாவல் சந்தா கட்டி வாசிக்கும் கிண்டில் அன்லிமிடெடில் இருக்கிறது. அப்படியென்றால் அமேசானின் செலக்ட் திட்டத்தில் சேர்த்திருக்கிறீர்கள். அதிலிருக்கும் 90 நாளும் மின்னூல் வேறெங்கும் பொதுவில் கிடைக்கக் கூடாது. அமேசான் கண்டுபிடித்தால் திட்டத்திலிருந்து எடுத்துவிடும். அந்த 90 நாளில் ஐந்து நாள் நூலை இலவசமாகத் தர உங்களுக்கு உரிமை உண்டு. அந்தத் தேதிகளை முன்கூட்டியே சொன்னால் விரும்புகிறவர்கள் தாங்களே இறக்கிக்கொள்வார்கள்.

நாற்பது பேர் வேண்டாம், எட்டுப் பேர் போதும். அவர்கள் முன்பு எழுதிய மதிப்புரைகளை வாசித்துவிட்டு, தொழிலையும் ஊரையும் மையமாகக் கொண்ட நாவல்களை விரும்புகிறவர்களைத் தேர்ந்தெடுங்கள். திகில் கதைகளை மட்டும் பேசுகிறவருக்கு அனுப்பி அவர் நேரத்தை வீணாக்காதீர்கள். பெயர் சொல்லி எழுதுங்கள். அவருடைய எந்த மதிப்புரை உங்களை எழுத வைத்தது என்று ஒரு வரி, நாவலைப் பற்றி இரண்டு வரி, பக்கம், விலை. ஈபப் வேண்டுமா அச்சுப்பிரதி வேண்டுமா என்று கேளுங்கள், கேட்காமல் எதையும் இணைக்காதீர்கள். எழுதுவதும் விடுவதும், பாராட்டுவதும் குறை சொல்வதும் அவர் விருப்பம் என்று சொல்லிவிடுங்கள். இலவசப் பிரதிக்குக் கைம்மாறாக மதிப்புரை கேட்பதை அமேசானும் ஏற்பதில்லை. ஒரு மாதம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதோடு விட்டுவிடுங்கள். சொந்தக்காரர்களையும் நெருங்கிய நண்பர்களையும் அமேசானில் நட்சத்திரம் போடச் சொல்லாதீர்கள், அதுவும் விதிமீறல்.

அச்சுப்பிரதி அனுப்ப அஞ்சல் துறை 2025 மே மாதம் தொடங்கிய கியான் போஸ்ட் மலிவு. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை அதிகபட்சம் 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகப் போகும், எங்கே இருக்கிறது என்றும் பார்க்கலாம். கல்வி, சமூக, பண்பாட்டு, சமய நூல்களுக்கானது என்பதால் உங்கள் நாவலை ஏற்பார்களா என்று அஞ்சலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நாவல்களுக்கு வழக்கமான டெமி அளவில் 70 ஜிஎஸ்எம் (தாளின் கனம்) தாளில் 212 பக்கம் என்றால் அட்டையோடு ஏறக்குறைய 250 கிராம் வரும், கனமான அட்டைப்பெட்டியில் வைத்தால் 300ஐத் தாண்டிவிடும். புத்தகத்தில் அச்சகத்தின் பெயரோ பதிப்பாளரின் பெயரோ இருந்தாக வேண்டும் என்பது அதன் விதி. உங்கள் புத்தகத்தில் இரண்டும் இல்லை. அடுத்த அச்சில் அந்தப் பக்கத்தைச் சேருங்கள், நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கும் விண்ணப்பியுங்கள், இந்தியாவில் அதற்குக் கட்டணம் கிடையாது.

திருத்திய ஈபப் தயாரானதும் எனக்கும் அனுப்புங்கள். அந்தப் பாவு ஓட்டும் அத்தியாயத்தை ஒழுங்காக வாசிக்க வேண்டும்.