மலையிறங்கும் மாணவர்களும் நண்பர்களும்: கேள்வி பதில்

கொடைக்கானல் மலைப் பள்ளிகளில் நெடுங்காலம் மேல்நிலை வகுப்பு ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில், கல்லூரிக்காக ஊரை விட்டுப் புறப்படுவோர் நண்பர்களைப் பிரிவது குறித்துக் கேட்டவற்றுக்கு விடையளிக்கிறேன்.

பூம்பாறை மாணவர்: ஆறாம் வகுப்பிலிருந்து நாங்கள் நால்வரும் ஒன்றாகப் படித்தோம். ஒருவன் மதுரைக்கும், ஒருவன் சென்னைக்கும், நான் காந்திகிராமத்துக்கும் போகிறோம். ஒருவன் பூண்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே இருக்கிறான். வாட்ஸ்அப்பில் தினமும் பேசினால் போதுமா, ஐயா?

போதாது, தம்பி. பிரிட்டனில் ராபின் டன்பார், சாம் ராபர்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பள்ளி முடித்த மாணவர்களை 18 மாதங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். உறவினரிடம் உள்ள நெருக்கம் பெரிதாகக் குறையாதபோதும் நண்பர்களிடம் உள்ள நெருக்கம் கவனிக்காவிட்டால் குறைந்துவிடுகிறது என்றும், பெண்களின் நட்பைப் பேச்சும் ஆண்களின் நட்பைச் சேர்ந்து செய்யும் காரியமும் கூடுதலாகத் தாங்கிப் பிடிக்கின்றன என்றும் அவர்கள் கண்டார்கள். எல்லாருக்கும் இது அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் என்னிடம் படித்த பையன்களை நினைத்துப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. ஆகவே விடுமுறையில் வரும்போது டீக்கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கலைந்துபோகாமல், பூண்டு எடுக்கும் நாட்களில் தோட்டத்து நண்பனுடன் மண்ணில் இறங்கி வேலை செய்யுங்கள். உங்கள் ஊர்க் குழந்தை வேலப்பர் கோயில் தேரோட்டத்துக்கு நால்வரும் வந்துவிடுவது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கொடைக்கானல் மாணவி: தோழிகள் எல்லாரும் போகிறார்கள், நான் மட்டும் இங்குள்ள கல்லூரியில் சேர்ந்திருக்கிறேன். போகிறவர்களுக்குத்தான் எல்லாரும் ஆறுதல் சொல்கிறார்கள்.

உங்கள் மனக்குறை நியாயமானது, அம்மா. போகிறவர்களுக்கு விடுதி, புதிய பாடம், வெயில், சாப்பாடு என்று பழக வேண்டியவை வரிசையாகக் காத்திருப்பதால் பிரிவை நினைக்கவே நேரம் குறைவு. இருப்பவருக்கோ ஏழு ரோடு சந்திப்பைக் கடக்கும்போதும், மாலைப் பனிமூட்டத்தில் ஏரியைச் சுற்றி நடக்கும்போதும், கூட வந்தவர்கள் இல்லை என்பதே முதலில் கண்ணில் படும். அவர்கள் பதில் அனுப்பத் தாமதிப்பதை மறதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் பருவத்தில் அவர்களுக்கும் மூச்சு முட்டும். அவர்கள் ஊர்ச் செய்தி கேட்கும்போது “எல்லாம் அப்படியேதான் இருக்கிறது” என்று சொல்லிவிடாமல், உங்கள் வகுப்பையும் புதிதாகப் பழகியவர்களையும் பற்றிச் சொல்லுங்கள். இல்லையென்றால் அவர்கள் வாழ்வு மட்டும் நகர்வதாக இரு தரப்பும் நம்பத் தொடங்கிவிடும். பழைய பாதையில் புதியவர் ஒருவரை நடக்க அழைப்பது துரோகமும் அன்று.

பண்ணைக்காட்டு மாணவர்: 2018இல் குறிஞ்சி பூத்தது, அடுத்து 2030இல் பூக்கும்போது சந்திப்பதாகச் சத்தியம் செய்துள்ளோம்.

அழகான சத்தியம்தான். முதலில் இந்தத் தீபாவளிக்குச் சந்தியுங்கள்.

பெருமாள்மலையிலிருந்து ஒரு தாய்: மதுரையில் சேர்ந்த மகள், பள்ளித் தோழிகளைப் பார்ப்பதற்காக வாரந்தோறும் ஊருக்கு வந்துவிடுகிறாள். தடுக்கலாமா?

தடுக்க வேண்டாம், மாதம் ஒருமுறை என்று இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். மலைப்பாதையில் பேருந்துப் பயணம் போக வர ஒரு நாளின் பெரும்பகுதியைத் தின்றுவிடுவது ஒருபுறம் இருக்க, விடுதித் தோழமை உருவாவதே வார இறுதிகளில்தான். அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராகச் சுமார் 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று கணக்கிட்டார். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மட்டும் இதற்கு உதவுவதில்லை. “அங்கே எனக்கு யாருமே இல்லை” என்று மகள் சொன்னால், அத்தனை மணி நேரம் இன்னும் சேரவில்லை என்று பொருள். அதோடு தூக்கமும் உணவும் கெட்டுப் பல வாரம் நீடித்தால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனை) எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

தாண்டிக்குடி மாணவர்: நண்பனுடன் மூன்று மாதமாகப் பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் சென்னைக்குப் புறப்படுகிறான். பேருந்து நிலையத்துக்குப் போகட்டுமா?

சனிக்கிழமையே வீட்டுக்குப் போங்கள். பேருந்து நிலையத்தில் உறவினர் சூழ நிற்பவனால் உங்களை மறுக்கவும் முடியாது, மனம்விட்டு ஏற்கவும் முடியாது. யார் பக்கம் தவறு என்ற பேச்சை எடுக்காமல், “என் மேல் வருத்தம் வைத்துக்கொண்டு போகாதே” என்று மட்டும் சொல்லிவிட்டு, பெட்டி கட்டக் கை கொடுங்கள்.