கொல்லைப்புறத்துல தனி யூனிட் கட்டலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நாங்க கலிஃபோர்னியாவுல தனி வீட்டுல இருக்கோம். அம்மா அப்பா எங்களோடவே வந்து இருக்கப் போறாங்க, பேக்யார்டுல அவங்களுக்குன்னு ஒரு பெட்ரூம், கிச்சன் வச்சு கட்டணும். பல வருஷம் முன்ன சிட்டி ஆபீஸ்ல கேட்டப்போ மனை சின்னதுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. இப்ப ஜோனிங் ரூலை, அதாவது எந்த இடத்துல என்ன கட்டலாம்ங்கற சிட்டி விதியை, மாத்தப் போறதா லெட்டர் வந்திருக்கு. அது முடியற வரை வெயிட் பண்ணணுமா?

பதில்: வேண்டாம் தம்பி. அன்னிக்கு உங்களைத் திருப்பி அனுப்பின ரூல் இப்ப செல்லாது. 2020 ஜனவரி 1-லேர்ந்து ஸ்டேட் சட்டமே மாறிடுச்சு, பக்கத்துலயும் பின்னாடியும் எல்லைலேர்ந்து 4 அடி விட்டா 800 சதுர அடி ஏடியு (ADU, அதே மனையில கட்டற ரெண்டாவது சின்ன வீடு) ஒண்ணுக்கு இடம் கொடுத்தே ஆகணும், மனை சின்னதுன்னு தடுக்க முடியாது, அப்ளிகேஷன் முழுசா இருந்தா 60 நாளைக்குள்ள முடிவு சொல்லணும். சிட்டியோட ரூல் இந்த சட்டத்துக்கு ஒத்துவரலைன்னா ஸ்டேட் ரூல்தான் நிக்கும். 750 சதுர அடிக்குக் கீழ கட்டினா இம்பாக்ட் ஃபீயும் (புது வீட்டால ரோடு, பார்க் மாதிரி பொது வசதிக்கு ஆகற செலவுக்காக வாங்கற கட்டணம்) கிடையாது, ஆனா பெர்மிட் ஃபீயும் வேற சில கட்டணங்களும் வரலாம். ஒரு விஷயம், வேலிலேர்ந்து டேப் பிடிச்சு 4 அடி அளந்துடாதீங்க. பழைய வேலி எத்தனையோ வீட்டுல எல்லையை விட்டு நகர்ந்துதான் நிக்குது, சர்வே எடுத்துட்டு அளங்க.

கேள்வி: கராஜையே ரூமா மாத்தினா செலவு கம்மியாகுமா? கார் பார்க்கிங் போயிடுமேன்னு பயமா இருக்கு.

பதில்: பார்க்கிங் பத்தி கவலையே வேண்டாம், கராஜை ஏடியுவா மாத்தினா பதிலுக்கு வேற பார்க்கிங் காட்டச் சொல்ல சிட்டிக்கு அதிகாரம் இல்ல. பழைய கராஜ் எல்லையை ஒட்டி நின்னாலும் அந்த சுவரை அப்படியே வச்சுக்கலாம். நான் பயப்படறது தரையை நினைச்சுதான். தண்ணி வெளிய ஓடணும்னு கராஜ் தரையை கதவுப் பக்கமா சரிவா போட்டிருப்பாங்க, நிறைய பழைய கராஜ்ல கான்கிரீட்டுக்குக் கீழ ஈரம் தடுக்கற ஷீட்டும் இருக்காது. அதுமேல நேரா டைல்ஸ் ஒட்டிட்டு வயசானவங்களைப் படுக்க வச்சா ஈரம் மேல ஏறிட்டே இருக்கும், கட்டிலும் சாஞ்சு நிக்கும். தரையை சமன் பண்றது, கழிவுநீர் பைப்புக்கு கான்கிரீட்டை வெட்டறது, எலக்ட்ரிக் பேனல் தாங்குமான்னு பாக்கறது, இந்த மூணுக்கும் கொட்டேஷன் வாங்கிட்டு அப்புறம் கம்மியா இல்லையான்னு முடிவு பண்ணுங்க.

கேள்வி: 120 சதுர அடி ஷெட்டுக்கு பெர்மிட் வேண்டாமாமே? ஒரு கட்டில் போட்டுக்கலாம்ல?

பதில்: தயவுசெஞ்சு வேண்டாம்மா. அந்த விலக்கு சாமான் வைக்கற ஷெட்டுக்குத்தான், அதுலயும் கரண்ட் இழுத்தா தனி பெர்மிட் வேணும், எல்லைலேர்ந்து எவ்வளவு தள்ளி வைக்கணும்ங்கற ஜோனிங் ரூலும் உண்டு. மனுஷங்க தூங்கற ரூம்னா ஸ்மோக் அலாரம் வேணும், தீ பிடிச்சா ஏறி வெளிய வர்ற மாதிரி ஜன்னல் வேணும், அந்த ஜன்னலோட அடி தரைலேர்ந்து 44 இன்ச்சுக்கு மேல போகக்கூடாது. முழங்கால் வலிக்கற ஒரு அம்மா ராத்திரி புகைக்குள்ள அந்த ஜன்னல்ல ஏறணும்னு நினைச்சுப் பாருங்க, ஏன் 44-ன்னு புரியும்.

கேள்வி: பக்கத்து வீட்டுல மாடியோட ஏடியு வருது, ஜன்னல் நேரா எங்க முற்றத்தைப் பாக்குது. சிட்டியோட ஹியரிங்ல (பொது விசாரணை) போய் நிறுத்த முடியுமா?

பதில்: முடியாது. சட்டத்துல இருக்கற அளவுக்குப் பிளான் பொருந்தினா ஹியரிங் இல்லாமலே பெர்மிட் கொடுக்கணும். முன்னெல்லாம் அக்கம்பக்கத்துல ஒருத்தர் எதிர்த்தாலே அம்மா அப்பாவுக்குக் கட்டற வீடு வருஷக்கணக்கா நின்னுச்சு, அதனால இந்த மாற்றம் சரின்னுதான் நான் சொல்வேன். ஆனா உங்க வருத்தமும் நியாயமானது. அதைச் சொல்ற இடம் வேற, ரூல் எழுதறப்பவே சொல்லணும். சிட்டி ரூலை திருத்தறப்போ பிளானிங் கமிஷன்ல (கட்டட விதிகளைப் பாக்கற சிட்டி குழு) பப்ளிக் ஹியரிங் வைப்பாங்க, அங்க போய் "எல்லைக்குப் பக்கத்துல வர்ற மாடி ஜன்னலுக்கு மங்கல் கண்ணாடி போடணும்"னு அளவோட, தெளிவா கேளுங்க. "பிரைவசி வேணும்"னு மொட்டையா சொன்னா யாராலயும் அதை ரூலா எழுத முடியாது. இப்போதைக்கு, ஜன்னல் ஃபிரேம் வைக்கறதுக்கு முன்ன பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உங்க முற்றத்துல நிக்க வச்சு மேல பாக்கச் சொல்லுங்க.