ரிப்போர்ட்டில் ‘வி.யு.எஸ்.’ என்று வந்தால்: கேள்வி பதில்

மேடம், எனக்கு 38 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. மரபணுப் பரிசோதனை ரிப்போர்ட்டில், இந்த நோயோடு தொடர்புள்ள பி.ஆர்.சி.ஏ.2 மரபணுவில் ‘வி.யு.எஸ்.’, ரெவல் 0.71 என்று போட்டிருக்கிறது. 71 சதவீதம் ஆபத்து என்று அர்த்தமா?

இல்லைம்மா. வி.யு.எஸ். என்றால் ‘நல்லதா கெட்டதா என்று இன்னும் முடிவாகாத மாற்றம்’. ரெவல் என்பது, ஒரு மரபணு மாற்றம் கெடுதலா என்று கணிக்கும் 13 கணினிக் கருவிகளின் கணிப்பைச் சேர்த்து 0 முதல் 1 வரை தரும் மதிப்பெண். புற்றுநோய் வரும் வாய்ப்பை அது அளப்பதில்லை. 0.71 பாதகத்தின் பக்கம் லேசாகச் சாய்கிறது, அவ்வளவுதான். இதை மட்டும் வைத்து கருப்பையையோ சினைப்பையையோ எடுக்கச் சம்மதிக்காதீர்கள். உங்கள் குடும்ப வரலாற்றுக்குத்தான் இப்போது எடை அதிகம்.

ஆனால் நான்கு கருவிகள் ‘பாதகம்’ என்கின்றனவே?

ஒரே வாத்தியாரிடம் படித்த நான்கு பிள்ளைகள் ஒரே விடை எழுதினால் அது நான்கு சாட்சி ஆகாது. இந்தக் கருவிகள் பலவும் ஒரே மாதிரித் தகவலைத்தான் பார்க்கின்றன: அந்த இடம் மற்ற உயிரினங்களில் மாறாமல் இருக்கிறதா, புரதத்தின் வடிவம் குலையுமா என்று.

ஓர் உதாரணம். இதே நோயோடு தொடர்புள்ள இன்னொரு மரபணு பி.ஆர்.சி.ஏ.1. அதன் புரதத்தில் 61-ஆவது இடத்தில் இருக்கும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் (புரதத்தைக் கோக்கும் மணிகளில் ஒன்று), துத்தநாக அணு ஒன்றைப் பிடித்து வைக்கிறது. அங்கே கிளைசின் என்ற வேறு அமினோ அமிலம் வந்தால் அந்தப் பிடி போய்விடும். கருவிகள் இதைக் கெட்டது என்கின்றன. ஆய்வகச் சோதனைகளும் நோய் வந்த குடும்பங்களும் அதையே சொல்கின்றன. அதனால்தான் நம்புகிறோம்.

சிலருக்கு அமினோ அமிலமே மாறவில்லை, ஆனாலும் டாக்டர் கவலைப்படுகிறாரே. ஏன்?

மரபணுவின் நகலான ஆர்.என்.ஏ. வெட்டி ஒட்டப்படும் இடம் கெட்டிருக்கலாம். ஸ்ப்ளைஸ்ஏஐ என்ற கணினிக் கருவி அதைக் கணித்து 0 முதல் 1 வரை மதிப்பெண் தரும். 0.2-க்கு மேல் வந்தால், ரத்தத்திலிருந்து ஆர்.என்.ஏ. எடுத்துச் சோதிக்க முடியுமா என்று கேளுங்கள்.

என் சித்திக்கும் (அம்மாவின் தங்கை) இதே நோய். அவருக்கும் டெஸ்ட் எடுக்கலாமா?

கட்டாயம் கேட்டுப் பாருங்கள். அவரிடம் இந்த மாற்றம் இல்லையென்றால் சந்தேகம் குறையும். அவரிடமும் இருந்தால், அதை மட்டும் வைத்து கெட்டது என்று முடிவு செய்ய முடியாது.

என்னிடம் உள்ள மாற்றம் உலக மக்களின் மரபணுத் தகவல் தொகுப்புகளில் எங்குமே இல்லையாம். அது கெட்ட அறிகுறியா?

அந்தத் தொகுப்புகளில் ஐரோப்பிய வம்சாவளியினரே அதிகம், நம்மவர் குறைவு. நம் ஊரில் சாதாரணமாக இருக்கும் மாற்றம்கூட அங்கே அபூர்வமாகத் தெரியலாம். எனக்கு ரொம்ப வலிக்கிற விஷயம் இது.

அப்புறம், ஆண்டுக்கு ஒருமுறை லேபில் ‘மறுவகைப்படுத்தல் ஆயிற்றா?’ என்று கேளுங்கள். அப்படி மாறுகிற வி.யு.எஸ்.களில் பெரும்பாலானவை தீங்கற்றவை என்றே மாறுகின்றன.