பாதை அக்கரையில் நிற்கிறது

கேள்வி: நாற்பது வயதுக்கு மேல் படிக்க ஆசைப்படுபவர்களுக்கும் இலவசமாக ஒரு கல்விப் பாதை வேண்டாமா? செலவை யார் ஏற்பது?
– ஒரு வாசகி, மூதூர்

பதில்: மூதூரில் இருந்துகொண்டு 'பாதை' என்று எழுதிவிட்டீர்கள். இனி நான் எங்கே நேராகப் பதில் சொல்வது!

நம் திருகோணமலைப் பக்கத்தில் பாதை என்றால் ஆளையும் வாகனத்தையும் ஏற்றித் தண்ணீரைக் கடத்திவிடும் மிதவை. கிண்ணியாப் பாலம் 2009-ல் திறக்குமுன் சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவர் துறையடியில் நின்று, "கிண்ணியாவுக்குப் பாதை எங்கே?" என்று கேட்டார்.

"அக்கரையில நிக்குது, இப்ப வரும்" என்றார் சுருட்டுப் புகைத்துக்கொண்டிருந்த பெரியவர்.

"பாதை வருமா?"

"வரும் தம்பி. காலையில பழுதாகி நடுத் தண்ணியில நிண்டது. இப்ப ஓட்டுறவர் சாப்பிடப் போயிருக்கார்."

நண்பர் என் காதில், "பெரியவருக்கு உடம்பு சரியில்லையா?" என்றார்.

இதை ஒரு பத்திரிகைக்கு எழுதினேன். பிழைதிருத்துபவர் எல்லாப் 'பாதை'யையும் 'படகு' ஆக்கிவிட்டார். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இறந்த பிறகு, இந்தக் கதையைச் சொன்னாலும் பாதியில் சிரிப்பு நின்றுவிடுகிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். 1945-ல் கல்வி அமைச்சர் கன்னங்கரா இலங்கையில் கொண்டுவந்த இலவசக் கல்வி பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரைதான். ஆனால் உரிய வயதில் துறையடிக்கு வந்தவர்களைத்தான் அது ஏற்றியது. 1990-ல் ஓ.எல். (பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சை) எழுதவேண்டிய எத்தனையோ பிள்ளைகள் போரால் அகதி முகாமில் இருந்தார்கள். இப்போது அவர்களுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. 1980-ல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகம் ஏ.எல். (பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரப் பரீட்சை) இல்லாதவரையும் அடிப்படைப் படிப்பு வழியாகச் சேர்த்துக்கொள்கிறது, உண்மை. கதவு திறந்துதான் இருக்கிறது. காசாளர் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

பாதை ஓடாத நாளுக்குப் பயணியிடம் தண்டம் கேட்பது எந்த ஊர் நியாயம்? அப்படிப் படிப்பைத் தவறவிட்ட ஓர் அம்மா வாங்கும் சவர்க்காரத்திலும் போன் ரீலோடிலும் இன்று நூற்றுக்கு 18 'வற்' (பெறுமதி சேர்) வரி போகிறது. அடுத்த வீட்டுப் பிள்ளையின் பட்டத்துக்கு அவரும் பங்கு போட்டவர்தான். ஆகவே தவறிப்போன முதல் ஓ.எல்., முதல் ஏ.எல்., முதல் பட்டம் மூன்றும் அரசின் செலவு. வயதைக் கேட்கவே கூடாது.

சம்பள உயர்வுக்காக மூன்றாவது டிப்ளோமா படிக்கும் கனவான்கள் மட்டும் தங்கள் பையைத் திறக்கட்டும். அப்படி ஒருவர் என் பக்கத்து வீட்டில் இருக்கிறார். பட்டமளிப்புப் படங்களை மாட்டச் சுவர் போதாமல் இப்போது மேல்மாடி கட்டுகிறார். போன கிழமை அவருக்கு மணல் கொண்டுவந்த லொறி என் வேலியைச் சாய்த்துவிட்டது. வேலிக்கு யார் காசு கொடுப்பது என்று அடுத்த மாதம் யாராவது கேளுங்கள்.